பன்னிரண்டு சந்துக்கு மட்டும் வெயில்

நான் வேலை பார்த்த நகரமைப்புப் பிரிவில் இப்போதெல்லாம் வெயிலை அளக்க யாரும் வெயிலில் போவதில்லையாம். செயற்கைக்கோள் படத்தை இறக்கிக் கம்ப்யூட்டரில் போட்டு, ஏசி அறையில் உட்கார்ந்தபடியே எந்தத் தெரு கொதிக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் நித்யா என்ற பெண் போன வாரம் போனில் இதைச் சொல்லிவிட்டு, "நீங்கெல்லாம் வண்டியில போயே அளந்தீங்களாமா சார்? அந்த அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார், எங்க பேட்ச்சுக்கு ட்ரெய்னிங்ல படிக்கத் தர்றோம்" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒன்று தெரியாது. அந்த வேலைக்காக எழுத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் ஒரு மெமோ. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், ட்ரெய்னிங்குக்கு ஆகும். அலுவலகத்தின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. ரிட்டையர் ஆனவனுக்கும் மெமோ கொடுக்க எங்கேயாவது ஒரு விதி இருக்கும்.

எனக்கு மூலனூர்ப் பக்கம். முருங்கைக்காய் ஏற்றிப்போகும் லாரியில் இடம் கேட்டு ஏறித்தான் ஐடிஐ-யில் சர்வேயர் படிப்புக்குச் சேரப் போனேன். படித்தேன், நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தேன், வேலை கிடைத்தது, திருப்பூருக்கு வந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் எல்லைக்கல் நட்டிருக்கிறேன். ஒரு அடி நிலத்துக்காக அண்ணன் தம்பிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. அதனால் கடைசி வருஷத்தில் வெயிலை அளக்கச் சொன்னபோது நிம்மதியாக இருந்தது. இந்த வெயில் என்னுடையது என்று எவனும் கேஸ் போட மாட்டான் அல்லவா?

திட்டம் நல்ல திட்டம்தான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஒரே ஊர், ஒரே நாள், ஒரே மணி. மரமும் காலி இடமும் உள்ள தெருவில் ஒரு வெப்பம், ஷீட் கூரையும் பாய்லரும் உள்ள சந்தில் வேறு வெப்பம். அதை வரைபடமாகப் போட்டுவிட்டால் எங்கே மரம் நடுவது, எங்கே புதுக் கட்டடங்களுக்கு நடுவில் கூடுதலாக இடைவெளி விடச் சொல்வது, எந்தக் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது என்றெல்லாம் முடிவு செய்யலாம். முதல் கட்டமாக அந்தக் கோடைக்குள் பெயிண்ட் அடித்துவிடுவதாக ஏற்பாடு.

அளக்கிற முறையைச் சொல்கிறேன், நித்யாவின் பேட்ச் கவனமாகப் படிக்கட்டும். கருவி என்பது ஒரு சின்ன டப்பா. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். அதன்மேல் நேர் வெயில் படக்கூடாது, காற்று மட்டும் உள்ளே போய்வர வேண்டும். அதற்காக அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கியிருப்பார்கள், பார்க்க இட்லித் தட்டு அடுக்கு மாதிரியே இருக்கும். ஆள் உயரத்துக்கு மேலே கம்பத்தில் மாட்ட வேண்டும். சுவரை ஒட்டக்கூடாது, புகைபோக்கிக்கு நேராகக் கூடாது. இதுபோக, பைக்கில் ஒரு மூங்கில் குச்சியைக் கட்டி அதன் முனையில் இன்னொரு கருவியை மாட்டிக்கொண்டு, மத்தியானம் ஒருமுறை, பொழுது சாய்ந்து ஒருமுறை தெருத்தெருவாக மெதுவாகப் போய்வர வேண்டும். கம்பத்துக் கருவியும் பைக் கருவியும் ஒன்றுக்கொன்று சாட்சி. வாரம் ஒருமுறை ஒவ்வொரு கம்பத்துக்கும் நேரில் போய், கருவியைச் சுற்றித் தடை எதுவும் இல்லை என்று பார்த்து, படிவத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இந்தக் கடைசி வரியை நித்யாவின் பேட்ச் இரண்டு முறை படிக்கட்டும்.

இனி எங்கள் நகரமைப்பு அலுவலர். அவரை 'சார்' என்றே எழுதுகிறேன், முப்பது வருஷ நாக்கு வேறு எதற்கும் திரும்பாது. அவ்வளவு மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதே கிடையாது. 'பாக்கலாமுங்க' என்பார். அந்தப் 'பாக்கலாமுங்க'வை நம்பி வயதாகிப் போனவர்கள் எங்கள் வராந்தாவில் நிறையப் பேர். கோப்பில் பென்சிலால்தான் எழுதுவார். நாளைக்குச் சிக்கல் வரும் என்று தோன்றினால் அவரே ரப்பரால் அழித்து, தூளை வாயால் ஊதி, அதன்மேல் உள்ளங்கையால் ஒருதரம் தடவியும் விடுவார். முடிவு எடுத்தாக வேண்டிய கோப்பு வந்தால் ஓரத்தில் 'பேசுக' என்று எழுதி அனுப்புவார். நாம் பேசப் போனால் டீ வரும், குடும்பத்தில் எல்லோரும் சௌக்கியமா என்பார். கடைசிவரை கோப்பைப் பற்றி மட்டும் பேச்சே வராது.

வரைபடத்தில் அவருக்குச் சிவப்பு ஆகாது. முதல் படத்தை மேஜைமேல் விரித்தபோது, ஏதோ கெட்ட செய்தி கேட்டவர் மாதிரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என்னங்க இது, ஊரே பத்திக்கிட்டு எரியற மாதிரி இருக்குது."

"அளந்தது அப்படித்தானுங்க சார் வந்திருக்குது."

"அளந்தது அளந்ததுதானுங்க, நான் இல்லைங்கல. பெயிண்ட் எத்தன சந்துக்கு வந்திருக்குது?"

"பன்னண்டுக்குங்க."

"அப்பப் பன்னண்டு சந்து மட்டும் சிவப்பா இருந்தாப் போதுமல்லங்க. மிச்சத்தைக் கொஞ்சம் ஆரஞ்சுல பாருங்க."

ஆரஞ்சில் பார்த்தேன். எத்தனை டிகிரியிலிருந்து சிவப்பு என்ற கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கத் தூக்க, ஊர் குளிர்ந்துகொண்டே வந்தது. சரியாகப் பன்னிரண்டு சந்து மிஞ்சியபோது சார் "இப்பப் பாக்க லட்சணமா இருக்குது" என்றார். பெயிண்ட் டப்பாவை வைத்து வெயிலை நிர்ணயித்த ஊர் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று அப்போது மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்புறம் சிரிப்பு நின்றது, அதற்குக் காரணம் நெருப்பெரிச்சல் பகுதியில் இருந்த ஒரு சந்து.

பனியன் துணிக்கு நீராவி கொடுத்துத் தேய்க்கிற ஒரு காலண்டரிங் யூனிட்டின் பின்சுவர், அதை ஒட்டிப் பத்துப் பதினைந்து லைன் வீடுகள், எல்லாம் சிமென்ட் ஷீட். சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். சந்துக்கு வாசல் ஒரு பக்கம் மட்டும், காற்று வந்த வழியே திரும்பித்தான் போகவேண்டும். நான் கம்பத்தில் கருவி மாட்டியது மயிலாத்தாள் என்ற அம்மாளின் வீட்டு முன்னால். ஐம்பது வயதிருக்கும். கம்பெனியிலிருந்து கட்டுக்கட்டாக பனியன் வாங்கிவந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டிக் கொடுக்கிற வேலை. பல்லடத்தில் தறி ஓட்டுகிற பையனுக்குக் கட்டிக்கொடுத்த ஒரே மகள் சுமதி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நான் போனபோது கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மயிலாத்தாள் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"சூடா இருக்கற சந்துக்கு வெள்ளப் பெயிண்ட் அடிப்பாங்கன்னு சொல்லிக்கறாங்களே, நெசமுங்களா?"

"நெசந்தானுங்க. இந்த மிசின் சொல்றத வெச்சுத்தான் அடிப்பாங்க."

"சித்திரைல இவளுக்குத் தேதி குடுத்திருக்காங்க. பச்சப் புள்ளய அக்கினில இந்த ஷீட்டுக்கடியில எப்படீங்க போடறது? அதுக்குள்ளாற அடிச்சுருவாங்களா?"

"அடிச்சுருவாங்க" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்தச் சந்தில் பத்து நிமிஷம் நின்றதிலேயே என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கிளம்பும்போது, பிள்ளைகள் கல் எறியாமல் இருக்கட்டும் என்று, "வெல ஜாஸ்தி சாமானுங்க, கொஞ்சம் நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் இரண்டு வாரம் சந்துக்குள் போய்ப் பார்த்துத்தான் டிக் போட்டேன். பிறகு மாசி போய்ப் பங்குனி வந்தது. அந்தச் சந்துக்குள் போய் வந்தால் அரை மணிக்குத் தலை வலித்தது. மெயின் ரோட்டில் பைக்கை நிறுத்தி, அங்கிருந்தே கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். கம்பத்தில் வெள்ளையாகத் தெரியும். டிக் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுவேன். பைக் கருவியோடு போகும்போதும் சந்து வாசலோடு திரும்பிவிடுவேன்.

கடைசியில் எல்லாக் கருவிகளையும் கம்ப்யூட்டரில் சேர்த்துப் போட்டதுதான் சார் லட்சணமென்று சொன்ன அந்தப் படம். அதில் நெருப்பெரிச்சலில் சுற்றிலும் ஆரஞ்சும் சிவப்பும், நடுவில் இலைப்பச்சையாக ஒரு பொட்டு. மயிலாத்தாளின் சந்து. ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அதுதானாம். சாருக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

"பாருங்க, நம்ம ஊருக்குள்ளயே ஒரு ஊட்டி. போயி அங்க என்ன ரகசியம்னு பாத்துட்டு வாங்க. அறிக்கைல முன்மாதிரின்னு போட்டுரலாம்."

அந்தப் பச்சையைப் பார்த்ததுமே பைக்கை எடுத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குச் சந்துக்குள் நடந்து போனேன். கருவியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் வெள்ளை பனியன் வேஸ்ட் துணியால் சுற்றிச் சுற்றிக் கட்டிய ஒரு மூட்டை இருந்தது, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் குடத்தோடு ஸ்டூல்மேல் நின்றிருந்தாள்.

"என்னங்க இது?"

"வாங்க வாங்க. மிசினுக்குத் துணிங்க. இந்தச் சூடு அதுக்குத் தாங்குமுங்களா?"

"எத்தன நாளா இப்படி நனைக்கறீங்க?"

"நீங்க கடைசியா வந்துட்டுப் போன மறுநாள்ல இருந்துங்க. தொட்டுப் பாத்தா கொதிச்சுக் கெடந்துச்சு. காலைல ஒருக்கா, உச்சிக்கு ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. நீங்கதானுங்களே நல்லாப் பாத்துக்கங்கன்னு சொன்னீங்க. மிசின் கெட்டுப்போச்சுன்னா பெயிண்ட் வராம போயிருமல்லங்க."

"உப்புத் தண்ணியிங்களா?"

"உப்புத் தண்ணி மிசினுக்கு ஆகாதல்லங்க. குடிக்கற தண்ணிதான்."

அங்கே குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு கணம் சிரிப்புதான் வந்தது. அடுத்த கணம் வெட்கத்தில் காது சுட்டது. கோபமும் வந்தது, அது அவள்மேல் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெயிலில் நிற்க வைக்கக்கூடாது என்று நினைக்கிற மனுஷி, கம்பத்தில் தொங்கிய டப்பாவையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சூட்டுக்குப் பயந்து சந்துக்குள் நுழையாமல், அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாராவாரம் கையெழுத்துப் போட்டவன் நான். சந்து தாங்க முடியாத அளவு சூடாக இருந்ததால்தான் அது ஊரிலேயே குளிர்ந்த சந்தாகப் பதிவாகியிருக்கிறது. அவளிடம் உண்மையைச் சொன்னேன். முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. "துணி கட்டினதால கணக்குத் தப்பாயிருச்சுங்க, நான் சரி பண்ணிர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "எங் கையாலயே கெடுத்துக்கிட்டனுங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க, என் கையால" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

ஆபீஸுக்குப் போனேன். வரவேற்பு ஹாலில் சார் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். சுவரை அடைத்துக்கொண்டு வரைபடம், ஃப்ளெக்ஸில் அச்சடித்து மாட்டியாகிவிட்டது. திட்டத் தொடக்க விழாவுக்காக முன்கூட்டியே தயார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பொதுமக்கள் துணி கட்டுனாங்கன்னு எழுதறதுக்குப் படிவத்துல எடம் இல்லீங்களே" என்றார்.

"கருவி சரியில்லைன்னு எழுதலாங்களா சார்?"

"எழுதுனா டெண்டர்ல பிரச்சன வரும். ஒரு கருவி சரியில்லைன்னா மத்ததெல்லாம் சரின்னு எப்படிச் சொல்றீங்கன்னு கேப்பாங்க."

"அப்ப நான் சரியாப் பாக்காம டிக் போட்டன்னு எழுதறனுங்க. நெசமும் அதுதானுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான அக்கறை இருந்தது. "ரிட்டையர்மெண்ட்டுக்கு எத்தன நாள் இருக்குது? ரெண்டு மாசமா? எதுக்குங்க உங்களுக்கு இதெல்லாம்?" என்றார். பிறகு ஃப்ளெக்ஸைக் காட்டி இன்னொன்று கேட்டார். "சரி, உங்க சந்தைச் சிவப்பாக்கிர்றோம். பெயிண்ட் பன்னண்டுக்குத்தான். இதுல எந்தச் சந்தை வெளிய அனுப்பட்டும்? நீங்களே கை வெச்சுக் காட்டுங்க."

நான் கை வைக்கவில்லை. பன்னிரண்டையும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டூல், ஒரு குடம், கழுத்தில் ஈரத்துண்டோடு ஒருத்தி இருப்பாள். அவர் அந்தக் கேள்வியைக் குதர்க்கமாகக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை. பதில் இல்லாத கேள்வியைக்கூட அவர் மரியாதையாகவே கேட்டார்.

பார்க்காமல் டிக் போட்டேன் என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கோப்பில் வைத்தேன். 'பேசுக' என்று பென்சிலில் திரும்பி வந்தது. பேசப் போனேன். டீ வந்தது, குடும்பத்தில் எல்லோரும் சௌக்கியமா என்றார். வெளியே வந்தபோது என் காகிதம் என் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பயம்தான், வேறென்ன. மெமோ வாங்கிக்கொண்டு ஓய்வு பெறுபவனின் பென்ஷன் பேப்பர் எந்த மேஜையில் எத்தனை மாதம் தூங்கும் என்று அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாதா?

ஐந்தாம் நாள் காலையில் மயிலாத்தாள் போன் செய்தாள். "பையன் பொறந்திருக்கானுங்க. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. நாளான்னைக்கு ஊட்டுக்குக் கூட்டியாறோம். பெயிண்ட்காரங்க எப்ப வாராங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

நேராகத் தபால் பிரிவுக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கொடுத்து, சீல் குத்தி வரவு எண் போடச் சொன்னேன். சாரின் ரப்பருக்கு அழியாதது அந்தக் கட்டடத்தில் அந்த நீல மை ஒன்றுதான்.

அதன்பிறகு எல்லாம் வெகுவேகமாக நடந்தது. எங்கள் அலுவலகம் இவ்வளவு சுறுசுறுப்பானது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. வாரம் முடிவதற்குள் மெமோ வந்தது. சார் அதில் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரிடம் பேனா இருந்ததையே நான் அப்போதுதான் பார்த்தேன். விளக்கம் கொடுத்தேன், கண்டனம் என்று பணிப்பதிவேட்டில் ஏற்றினார்கள். வரைபடமும் திருத்தப்பட்டது. பச்சைப் பொட்டு ஆரஞ்சு ஆயிற்று. சிவப்பு பன்னிரண்டு அப்படியே. மயிலாத்தாளின் சந்துக்கு நேராக 'அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி. நான் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயரையெல்லாம் கொடுத்து அந்தச் சந்துக்கு வாங்கித் தந்தது ஒரு நிறம். அன்று மாலை ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை.

பழைய ஃப்ளெக்ஸ் இனி தப்பானது என்பதால் கழற்றி மூலையில் சுருட்டி வைத்துவிட்டார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, "கோவிச்சுக்காதீங்க. இதைக் கணக்குலயும் கொண்டுவர முடியாது, இங்க வெச்சிருக்கவும் முடியாது. எங்காவது அப்புறப்படுத்திர்றீங்களா?" என்றார். தோளில் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினேன்.

மயிலாத்தாளின் சந்துக்கு நான் போனபோது அக்கினி தொடங்கியிருந்தது. தொட்டில் கட்டியிருந்தார்கள், குழந்தை அதில் இல்லை. பகலில் ஒரு கண்ணுத் தூக்கம் இல்லை என்று சுமதி அவனை மடியில் போட்டுப் பனியன் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். நெஞ்சு முழுக்க வேர்க்குரு. இந்த வருஷம் பெயிண்ட் வராது என்று மயிலாத்தாளிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "செரி, உடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

பல்லடத்திலிருந்து வந்திருந்த மருமகனும் நானுமாக ஃப்ளெக்ஸைச் சந்தில் விரித்தோம். முழு ஊரும் கலர்கலராகத் தரையில் கிடந்தது. மயிலாத்தாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

"இதுல நம்மூடு எங்கீங்க?"

பச்சைப் பொட்டைக் காட்டினேன்.

"பச்சைன்னா என்னங்க?"

"குளுகுளுன்னு இருக்கற எடம்னு அர்த்தமுங்க."

அவள் பொட்டைப் பார்த்தாள், ஷீட்டைப் பார்த்தாள், மகளின் மடியைப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஃப்ளெக்ஸின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அப்ப இந்தப் பக்கத்தை மேல வெச்சுறாதீங்க. மறுபடி எவனாச்சும் பாத்துட்டு, அடுத்த வருசமும் உங்களுக்குப் பெயிண்ட் வேண்டாம்னுருவான்."

ஊரைக் குப்புறப் போட்டு, வெள்ளை முதுகு வானம் பார்க்கும்படி ஷீட்டின்மேல் இழுத்துக் கட்டினோம். என் கைக்கருவியை அறைக்குள் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் இறங்கியிருந்தது. எவ்வளவு என்று எழுதினால் நித்யா ஆதாரம் கேட்பாள். அன்று மத்தியானம் பையன் தொட்டிலில் தூங்கினான். அவன் எழுகிறவரை நாங்கள் நான்கு பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தோம்.